சொல்லாமல் விட்ட பாதி

1844 மார்ச் மாதம். அமெரிக்காவில் மார்மன்கள் குடியேறியிருந்த நாவூ நகரத்தில் ஒருவர் கிணற்றுக்குள் இறங்கி உட்சுவருக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து கல் இறக்கிய தொட்டி அப்படியே அவர் தலைமேல் விழுந்தது. ஆளின் பெயர் கிங் ஃபாலெட். 'கிங்' என்பது பட்டமல்ல, பெற்றோர் வைத்த பெயர்தான். வயது 55. அதற்கு முன் மார்மன்களை மிசௌரி மாநிலத்திலிருந்து விரட்டியிருந்தார்கள்; அப்போது சிறைப்பட்டவர்களில் கடைசியாக வெளியே வந்தவர் இவர். சிறையில் போகாத உயிர் கிணற்றில் போயிற்று.

நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 7 ஞாயிற்றுக்கிழமை, அவர் நினைவாக ஜோசப் ஸ்மித் பேச எழுந்தார். மார்மன் சபையின் ஆண்டு மாநாடு அது. ஆலயச் சுவர்கள் இன்னும் முழுதாக எழும்பவில்லை; மரத்தோப்பில்தான் கூட்டம். அன்றைக்குக் காற்று வேறு பலமாக அடித்தது. ஸ்மித்துக்கு 38 வயது. சபைக்குத் தீர்க்கதரிசி, நகரத்துக்கு மேயர், ஊர்க்காவல் படைக்குத் தளபதி. அது போதாதென்று அந்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலும் வேட்பாளர்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஒலிபெருக்கி இல்லாத காலம், ஆயிரக்கணக்கானவர்கள் எதிரே. மறுநாள் பேச்சைத் தொடர முடியாதபடி நெஞ்சு கட்டிக்கொண்டது. இறந்தவனுக்காக அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தார். இறந்தவன் எங்கே போகிறான் என்று தெரிய வேண்டுமானால் மனிதன் யார் என்று தெரிய வேண்டும். மனிதன் யார் என்று தெரிய, கடவுள் யார் என்று தெரிய வேண்டும். இப்படி ஒரு படி, இன்னொரு படி என்று ஏறி, எந்தக் கிறிஸ்தவப் பிரசங்கியும் கால் வைக்காத இடத்துக்குப் போய்விட்டார். வானத்தில் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் கடவுள் முன்னொரு காலத்தில் நம்மைப்போல மனிதராக இருந்தவர். அவர் போன வழியிலேயே நாமும் படிப்படியாகப் போய்க் கடவுளராக வேண்டும். ஆன்மாவை யாரும் படைக்கவில்லை. அதற்குத் தொடக்கமே கிடையாது. பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

இதில் என்ன அதிர்ச்சி என்று நம் வாசகருக்குத் தோன்றலாம். ஊர் எல்லையில் காவல் நிற்கும் தெய்வங்களில் பல ஒரு காலத்தில் மனிதராக வாழ்ந்தவர்கள் என்ற கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கிறிஸ்தவ மரபின் அடித்தளம் வேறு. படைத்தவர் ஒரு கரை, படைப்பு மறு கரை. நடுவே பாலம் கிடையாது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தவர் கடவுள் என்பது அங்கே பேரம் பேச முடியாத கொள்கை. ஸ்மித் அந்தப் பள்ளத்தையே தூர்த்துவிட்டார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்மித் சொன்னதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. மனிதன் கடவுளைப்போல ஆகலாம் என்பது ஒரு பாதி. இதற்குக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே பழைய உறவினர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸ் ஏறக்குறைய இதே தொனியில் எழுதியிருக்கிறார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்றைக்கும் மனிதர் தெய்வத்தன்மையில் பங்குபெறுவதைப் பற்றிப் பேசுகிறது. மார்மன் அறிஞர்கள் வாதம் என்று வந்தால் முதலில் எடுத்து வைப்பது அத்தனாசியுஸைத்தான். கடவுள் ஒரு காலத்தில் மனிதராக இருந்தார் என்ற மறுபாதிக்கு அங்கே ஒரு சாட்சியும் கிடைக்காது. அடுத்த நூற்றெண்பது ஆண்டுகளில் இந்த இரண்டு பாதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகிப்போனதுதான் இந்த வாரக் கதை.

முதல் அடி உள்ளேயிருந்தே விழுந்தது. சபைத் தலைமையில் ஸ்மித்துக்கு அடுத்த வரிசையில் இருந்து, பிறகு பிரிந்துபோன வில்லியம் லா என்பவரும் கூட்டாளிகளும் ஜூன் 7 அன்று 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற செய்தித்தாளை வெளியிட்டார்கள். ஸ்மித்தின் பலதார மணத்தையும், பல கடவுளர் உண்டு என்ற போதனையையும் ஒரே மூச்சில் தாக்கியது அந்த இதழ். மூன்றாம் நாள் நகரசபை உத்தரவின்பேரில் அச்சு இயந்திரம் நொறுக்கப்பட்டது. இரண்டாவது இதழ் வரவே இல்லை. அதிலிருந்து எழுந்த வழக்கு ஸ்மித்தைக் கார்த்தேஜ் சிறைக்குக் கொண்டுபோனது. ஜூன் 27 அன்று முகத்தில் கரி பூசிய கும்பல் சிறைக்குள் புகுந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. தோப்பில் பேசி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பேச்சு அச்சில் வந்தது அதற்குப் பிறகுதான், ஆகஸ்ட் 15 அன்று. ஸ்மித் கைப்பட எழுதிய பிரதி கிடையாது. நான்கு பேர் குறிப்பெடுத்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் எழுதியவர் யாருமில்லை. பிற்காலத்தில் சபைத் தலைவர்களுக்கு இது ரொம்பவும் கைகொடுத்தது. வேதமாக ஏற்கப்பட்ட நூல்களில் இந்த உரை சேரவில்லை. 1912இல் வந்த சபை வரலாற்றின் ஆறாம் தொகுதியில் இது இருந்திருக்க வேண்டும், இல்லை. குறிப்புகள் நம்பத்தக்கவைதானா என்று தலைவர்களில் சிலருக்கே ஐயம். 1950 பதிப்பில்தான் உள்ளே வந்தது. ஒரு சபை தன் ஸ்தாபகரின் புகழ்பெற்ற பேச்சைக் கூடத்திலும் வைக்க முடியாமல் பரணிலும் போட முடியாமல் தவித்ததற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் ஜனங்கள் மனதில் அது நின்றுவிட்டது. அதற்குக் காரணம் லொரென்சோ ஸ்னோ. பின்னாளில் சபையின் ஐந்தாவது தலைவரானவர். 1840இலேயே இதே கருத்து தனக்குத் திடீரென்று உதித்ததாகச் சொல்லி, இரண்டு பாதிகளையும் ஈரடியாகக் கட்டினார். மனப்பாடம் செய்யத் தோதான வடிவம். பிரசங்கத்தை மறந்தவர்களும் ஈரடியை மறக்கவில்லை. அவருடைய அக்கா எலைசா இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்மித்தின் மனைவியரில் ஒருவராக இருந்த கவிஞர் அவர். ஸ்மித் கொல்லப்பட்ட அடுத்த ஆண்டு எழுதிய பாடலில், பரலோகத்தில் தந்தை இருந்தால் தாயும் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்டார். அந்தப் பாட்டு இன்றும் சபையில் பாடப்படுகிறது.

தாய் எங்கிருந்து வந்தாள்? மார்மன்கள் 'மேன்மையடைதல்' என்று சொல்வதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். 1832இல் ஒஹையோவில் ஸ்மித் கண்ட தரிசனத்தின்படி மறுமையில் மூன்று உலகங்கள். கொலைகாரனுக்கும் பொய்யனுக்கும்கூடக் கடைசி உலகத்தில் இடம் உண்டு. வெளி இருளுக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. ஆக, இரட்சிப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. மேன்மை அப்படியில்லை. மேலுலகத்துக்குள்ளேயே மூன்று படிகள். அதன் உச்சிப் படிக்குத் தனியாக ஏற முடியாது. ஆலயத்தில் நித்தியத்துக்குமாக முத்திரிக்கப்பட்ட கணவனும் மனைவியும் சேர்ந்துதான் ஏற வேண்டும். 1843 ஜூலையில் எழுதப்பட்ட வெளிப்படுத்தல், அப்படிப்பட்டவர்கள் தேவர்களாவார்கள் என்றே சொல்கிறது. இது வேத நூலில் இருக்கிறது. குறிப்பு சரியில்லை என்று தட்டிக்கழிக்க வழியில்லை. கடவுளாவது என்றால் தம்பதியாக ஆவது. பிள்ளைகளோடு, முன்னோர்களோடு, அறுபடாத சங்கிலியாக ஆவது. இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் எடுப்பதும், பழைய பதிவேடுகளைத் தேடித்தேடி வம்சாவளி எழுதுவதும் இதற்காகத்தான்.

முத்திரித்தல் நடக்கும் அறைகளில் எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய கண்ணாடிகள் மாட்டியிருப்பார்கள். மணமக்கள் அவற்றைப் பார்த்தால் தங்கள் உருவம் முன்னும் பின்னும் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருப்பது தெரியும். பிரசங்கம் தராத விளக்கத்தை ரசம் பூசிய கண்ணாடி தந்துவிடுகிறது. அந்த அறைக்குள் போக ஆயரிடம் நேர்காணல் தந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை. மது, புகையிலை, காபி, தேநீர் கூடாது. ஆகவே அங்கே நடக்கும் சடங்கை வெளியாட்கள் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசும்.

1982இல் 'தி காட் மேக்கர்ஸ்' என்ற படம் வந்தது. எடுத்தவர்கள் மார்மன் மதத்தை எதிர்த்த கிறிஸ்தவர்கள். அதில் ஒரு கார்ட்டூன் பகுதி: மார்மன் ஆண்மகன் கடவுளாகி, தனக்கென்று ஒரு கிரகமும் மனைவியர் கூட்டமும் வைத்துக்கொண்டு வாழ்கிறான். தேவாலயம் தேவாலயமாகத் திரையிட்டார்கள். 'செத்தால் ஆளுக்கொரு கிரகம்' என்ற கேலி அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. 2011இல் பிராட்வேயில் மார்மன்களைப் பற்றி வந்த இசை நாடகத்திலும் அதே கேலி உண்டு. வெறும் கற்பனை என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஸ்மித்துக்குப் பிறகு தலைவரான பிரிகாம் யங் போன்றவர்களே, மேன்மையடைந்தவர்கள் உலகங்களைப் படைப்பார்கள் என்று மேடையில் பேசியிருக்கிறார்கள். கார்ட்டூன் செய்த அநியாயம் வேறு. குடும்பம் பிரியாது என்ற ஆசையை வெளியே எடுத்துவிட்டு மனைக்கட்டு ஆசையை உள்ளே வைத்துவிட்டது.

கேலிக்கு நடுவே சபை என்ன பேசியது? 1997இல் தலைவர் கார்டன் ஹிங்க்லியிடம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று நேரடியாகக் கேட்டது: கடவுள் ஒரு காலத்தில் மனிதர் என்பது உங்கள் நம்பிக்கைதானே? தாம் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார் அவர். பழைய ஈரடி ஒன்று உண்டு, அது ஆழமான இறையியல், அதைப் பற்றித் தங்களுக்கு அதிகம் தெரியாது என்று முடித்தார். சில மாதங்களில் 'டைம்' பத்திரிகையும் அதையே கேட்டது. நாங்கள் அதைப் போதிக்கிறோமா என்று தெரியவில்லை, வலியுறுத்துவதில்லை என்ற பொருளில் பதில் வந்தது. உள்ளே சலசலப்பு. வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தலைவரே தெருவில் தெரியாது என்கிறாரே! அக்டோபர் மாநாட்டில் ஹிங்க்லி அதைத் தொட்டுப் பேசினார். செய்தித்தாளில் வந்ததைப் படித்துவிட்டு, எனக்குக் கோட்பாடு புரியவில்லை என்று கவலைப்படாதீர்கள், நன்றாகவே புரியும் என்றார். அரங்கம் சிரித்தது. என்ன புரியும் என்பதை அங்கும் அவர் சொல்லவில்லை.

பொய் சொன்னார் என்று எதிரிகள் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கப்பட்டது எந்தப் பாதியைப் பற்றி என்று பாருங்கள். மனிதன் கடவுளைப்போல ஆகலாம் என்பதை அவர் மறுக்கவே இல்லை. கடவுள் மனிதராக இருந்தார் என்பதைத்தான் ஓரமாக நகர்த்தினார்.

அரசியலிலும் இதே பதுங்கல் தெரிந்தது. 2007 டிசம்பரில், ஜனாதிபதி வேட்பாளராக விரும்பிய மிட் ராம்னி டெக்சஸில் தம் மதம் பற்றி ஒரு நீண்ட உரை ஆற்றினார். 'மார்மன்' என்ற சொல் அதில் ஒரே ஒரு முறைதான் வந்தது. சபையின் தனிப்பட்ட கோட்பாடுகளை விளக்கச் சொல்வது வேட்பாளருக்கு மதத் தேர்வு வைப்பதாகும் என்று மறுத்துவிட்டார். ஜனாதிபதி வேட்பாளராக இருந்துகொண்டே தோப்பில் நின்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்ன ஸ்மித் எங்கே, இவர் எங்கே!

2014 பிப்ரவரியில் சபையே இந்தக் கோட்பாட்டைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. பழைய ஆயர்களின் எழுத்து, கிங் ஃபாலெட் உரை, கிரகக் கேலிக்கு மறுப்பு எல்லாம் அதில் உண்டு. ஸ்னோவின் ஈரடியையும் முழுதாகக் கொடுத்து, கடவுள் மனிதராக இருந்தார் என்ற முதல் அடியைப் பற்றி வெளிப்படுத்தப்பட்டது கொஞ்சம், அதனால் போதிக்கப்படுவதும் கொஞ்சம் என்று ஒப்புக்கொண்டது. ஹிங்க்லி தட்டுத்தடுமாறிச் சொன்னதைத்தான் பதினேழு ஆண்டு கழித்து நிதானமாக எழுதியிருந்தார்கள்.

இத்தனைக்கும், நம்பிக்கையாளர்கள் தங்களுக்குள் பேசும்போது கிரகமும் வருவதில்லை, கடவுளின் பூர்வாசிரமமும் வருவதில்லை. பெண்கள் கேட்கும் கேள்விகள் வேறு. பரலோகத் தாயிடம் ஜெபிக்கலாமா? கூடாது என்று 1991இல் ஹிங்க்லி சொன்னார். அவளைப் பற்றி ஊகங்கள் வேண்டாம் என்று 2022இலும் எச்சரிக்கை வந்தது. மணமாகாதவள் உச்சிப் படி ஏற முடியாதா? மனைவியை இழந்தவர் இன்னொரு பெண்ணோடும் முத்திரிக்கப்படலாம்; உயிரோடிருக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு கணவனோடுதான் முத்திரை. பூமியில் பலதார மணம் 1890இல் கைவிடப்பட்டாலும் மேலுலகத்தில் அது தொடருமோ என்ற பயம் இதிலிருந்துதான் வருகிறது.

2019 அக்டோபர் மாநாட்டில் மூத்த தலைவர் டாலின் ஓக்ஸ், தமக்கு வந்த கடிதம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எழுதியவள், மனைவியை இழந்த ஒருவரை ஆலயத்தில் மணக்க யோசித்துக்கொண்டிருந்தவள். மறுமையில் எனக்குத் தனி வீடு கிடைக்குமா, இல்லை அவரோடும் முதல் மனைவியோடும் ஒரே வீட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாள். கர்த்தரை நம்பு என்று மட்டும் பதில் சொன்னதாக ஓக்ஸ் கூறினார். ஓக்ஸும் முதல் மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்தான். கடிதத்தை அவர் சொன்னபோது இந்த முறையும் அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தங்களுக்கு வலித்ததாகச் சபைப் பெண்கள் பலர் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்கள்.

(தொடரும்)