நன்னூலும் வினையடையும்

ஓசூருக்கு வடகிழக்கே, இன்று கருநாடக எல்லைக்குள் உள்ள கோலாருக்குக் குவளாலபுரம் என்பது பழம் பெயர். அந்நகர்க்குரியோன் என விருது பூண்ட கங்கர் குலச் சிற்றரசன் சீயகங்கன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். சோழ நாட்டை மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) ஆண்ட காலம் அது.

தொல்காப்பியத்தைப் போலவே அந்நூலிலும் சொல் நால்வகை: பெயர், வினை, இடை, உரி. ஆங்கில இலக்கணம் பயின்ற நீங்கள், ‘வினையடைக்கு இடம் எங்கே?’ என்று வினவுவீர்கள். தனி இடம் இல்லை. அது குறையோ எனின், அன்று. ‘நனி’ என்னும் உரிச்சொல் ‘நனி மகிழ்ச்சி’ எனப் பெயரையும் தழுவும். ‘நனி மகிழ்ந்தான்’ என வினையையும் தழுவும். ‘ஓடி வந்தான்’ என்னுமிடத்து ‘ஓடி’ என்பது வினையெச்சம்; வந்த விதத்தை உணர்த்துவதும் அதுவே.

‘விரைவாக’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘விரைவு’ பெயர், ‘ஆக’ என்பது ‘ஆகு’ என்னும் வினையின் எச்சம். ஆதலால் அது வினை கொண்டு முடியும்: விரைவாகச் சென்றான். ‘விரைவான’ என்பதோ பெயரைத் தேடும்: விரைவான செலவு. தேர்வில் இவ்விரண்டையும் மயங்குவோர் மிகப் பலர்! முடிக்கும் சொல்லை நோக்கின் மயக்கம் தீரும்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், இம்மொழிகளுக்குத் தனி வினையடை இல்லை என்றே கருதினார். ஓசூர்த் தொழிற்சாலை வாயிலில் நின்று செவிகொடுங்கள். தமிழர் ‘நன்றாக’ என்பர். கன்னடர் ‘சென்னாகி’ என்பர். தெலுங்கர் ‘பாகா’ என்பர். ஈற்றிலுள்ள ‘ஆக’, ‘ஆகி’, ‘கா’ மூன்றும் ஆதல் என்னும் ஒரே வினையின் வழிவந்தவை.