ஓசை அடங்கிய தண்டவாளம்

ஆக்லாந்து நகர மையத்தின் ரயில் வரலாற்றை நிலையக் கட்டடங்களின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். 1873 டிசம்பர் 24 அன்று ஒனெஹுங்காவுக்கு முதல் பாதை திறந்தது. 1885-ல் குயின் தெருவின் துறைமுக முனைக்கு நிலையம் வந்தது, 1930-ல் பீச் சாலைக்குப் போனது, 2003-ல் பழைய தலைமை அஞ்சலகத்துக்குப் பின்னால் நிலத்தடியில் பிரிட்டோமார்ட் என்ற பெயரில் திரும்பி வந்தது. ஆனால் பாதையருகே நடந்துபோகிறவரின் உயிரோடு நெருங்கிய தொடர்புள்ளது வேறொரு கதை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் இரும்புத் துண்டு மாறிய கதை அது. பாதை உறுதிப்பட உறுதிப்பட ரயிலின் ஓசை குறைந்தது. காதை நம்பிப் பாதையைக் கடந்த பழக்கத்துக்கு இருந்த ஆதாரம் அத்தோடு போயிற்று.

1067 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குறுகிய பாதையின் தொடக்க காலத்தில் பிணைப்பு என்றால் மரக்கட்டையில் அறைந்த டாக் ஸ்பைக் ஆணிதான். ஆணியின் தலை தண்டவாளத்தின் அடிவிளிம்பின் மேல் கவிந்திருக்கும். அது தண்டவாளம் பக்கவாட்டில் விலகாமல் தடுக்குமே தவிர, கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்காது. சக்கரம் கடக்கும்போதெல்லாம் தண்டவாளம் சற்று எழும்பி அமரும், ஆணியும் மெல்ல மேலேறும். அதை மறுபடி அடித்து இறக்கப் பாதை நெடுக ஆட்கள் நடந்தாக வேண்டும். துண்டுத் தண்டவாளங்களைப் பிஷ் பிளேட் என்ற இரும்புத் தகட்டால் இணைத்து, வெயிலில் இரும்பு நீள இடைவெளியும் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் மோதும். நம்மூரில் ‘தடக் தடக்’ என்று கேட்டு வளர்ந்த ஓசை அதுவே.

1957-ல் நார்வே ரயில்வே பொறியாளர் பெர் பாண்டே-ரோல்ஃப்சன் வளைந்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி ஒன்றை வடிவமைத்தார். பாண்ட்ரால் கிளிப் என்று உலகமெங்கும் பரவியது அந்த வகைதான். நட்டும் போல்ட்டும் இல்லாமல் தன் வளைவின் விசையாலேயே அது தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கிறது. அடியில் ஒரு ரப்பர் தகடு அதிர்வை உறிஞ்சுகிறது. காங்கிரீட் கட்டையும் இந்தப் பிடியும் கனமான ஜல்லியும் சேர்ந்ததால் தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்குப் பற்றவைக்க முடிந்தது. இணைப்புகள் போயின, மோதல் ஓசையும் போயிற்று. ஆக்லாந்தில் 2014 ஏப்ரலில் 25,000 வோல்ட் மின்ரயில்கள் ஓடத் தொடங்கிய பின் டீசல் எஞ்சினின் உறுமலும் நகர்ப் பாதைகளில் படிப்படியாக அடங்கியது. அதோடு புதிய ஆபத்தும் சேர்ந்தது. பாதைக்கு மேலே செல்லும் மின்கம்பியைத் தொட வேண்டியதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும்.

அப்படியானால் பழைய பாதையே பத்திரமானதா என்று கேட்கலாம். இல்லை. தளர்ந்த ஆணியும் உடைந்த பிஷ் பிளேட்டும் உலகெங்கும் ரயில்களைக் கவிழ்த்திருக்கின்றன. கிளிப் ரயிலுக்குள் இருப்பவரைக் காத்தது உண்மை. வெளியே நிற்பவருக்கு அதுவரை தற்செயலாகக் கிடைத்துவந்த எச்சரிக்கையை அதே கிளிப் பறித்துக்கொண்டதும் உண்மை. அதற்கு ஈடு செய்யும் கடமை பாதையை மாற்றியவர்களுடையது.

இன்னொரு மறுப்பு வலுவானது: அத்துமீறிப் பாதையில் இறங்குபவர் தாமே விபத்தைத் தேடிக்கொள்கிறார். நியூசிலாந்தின் 2005 ரயில்வே சட்டம் அத்துமீறலுக்கு 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 2013-ல் நகர மையத்துக்கு மேற்கே மார்னிங்சைடு லெவல் கிராசிங்கில் நடந்ததை அந்த வாதம் விளக்காது. முறையான வழியில் கடந்த ஒரு பெண்ணின் சக்கர நாற்காலி, தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் சிக்கியது. ரயில் வருவதற்குள் அவரை விடுவிக்க அங்கிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ரயில் மோதியும் அவர் உயிர் பிழைத்தார். ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக விட்ட இடைவெளிதான் அந்தப் பள்ளம். அதைக் கெட்டியான பொருளால் முழுவதும் அடைத்தால் ரயில் ஓட முடியாது; திறந்து வைத்தால் சிறிய சக்கரம் விழும். எச்சரிக்கைப் பலகை இதற்கு என்ன செய்யும்?

ஆகவே மனிதரையும் தண்டவாளத்தையும் பிரிப்பதே சரியான வழி. பிரிட்டோமார்ட்டிலிருந்து மவுங்காஃபவு நிலையம் வரை 3.45 கிலோமீட்டருக்கு, சில இடங்களில் 42 மீட்டர் ஆழத்தில் குடைந்த இரட்டைச் சுரங்கம் நகர மையத்துக்கு அதைச் செய்துவிட்டது. அங்கே குறுக்கே நடக்க யாருக்கும் வழியில்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தின் நோக்கமே கூடுதல் ரயில்களை ஓட்டுவது. அவை வெளியேறி ஓடும் மேற்குப் பாதையில் லெவல் கிராசிங்குகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேட் மூடியிருக்கும் நேரம் கூடும், காத்திருப்பவரின் பொறுமை குறையும். அந்தக் கிராசிங்குகளுக்குப் பதிலாக மேம்பாலங்கள் கட்டும் செலவைச் சுரங்கத்தின் செலவோடு சேர்த்தே கணக்கிட்டிருக்க வேண்டும்.