பழகாத பாதியில் படும் காயம்: லெட்வில்லும் மெகாவலாஞ்சும்

மலைசைக்கிள் பந்தயத்தில் காயம் என்றதும் நம் கண்முன் வருவது சரிவில் உருண்டு விழும் வீரர்தான். ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்குகிறவருக்கு எலும்பு முறியும் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். வேலை, வீடு, பிள்ளைகள் இத்தனைக்கும் நடுவில் ஒரு கோடையை ஒதுக்கித் தயாராகும் அமெச்சூர் வீரருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஏற்றத்துக்குப் பேர்போன ஒரு பந்தயத்தையும் இறக்கத்துக்குப் பேர்போன ஒரு பந்தயத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது. அமெச்சூருக்கு அடி விழுவது பெரும்பாலும் அவர் பயிலாமல் விட்ட பாதியில்.

முதலாவது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் லெட்வில் டிரெயில் 100. மற்றது, பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலையில் ஜூலையில் நடக்கும் மெகாவலாஞ்ச். சைக்கிள் பந்தயங்களாக இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. லெட்வில் 1994இலும் மெகாவலாஞ்ச் 1995இலும் தொடங்கின. சைக்கிளே பிழைப்பாகக் கொண்டவரும் சனி ஞாயிறு மட்டும் வண்டியை வெளியே எடுப்பவரும் ஒரே தடத்தில் ஓடுவது இரண்டுக்கும் பொது. ஒப்பிட இவ்வளவு போதும்.

லெட்வில் ஒரு சுரங்க ஊர். 1980களின் தொடக்கத்தில் கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரின் பிழைப்பே போனது. சுரங்கத் தொழிலாளியான கென் க்ளௌபர் 1983இல் அங்கே 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கினால் ஊருக்கு நாலு காசு வரும் என்பதுதான் யோசனை. சைக்கிள் பந்தயம் அதன் தம்பி. மெகாவலாஞ்சின் பின்னால் இருப்பது பனிச்சறுக்கு ஊர். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் உருவாக்கிய இந்தப் பந்தயத்தில் கேபிள் கார் வீரரையும் வண்டியையும் உச்சியில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கீழே வருவதுதான் போட்டி.

லெட்வில் ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதல். காலை 6.30க்குத் துப்பாக்கி வெடித்ததும் கிளம்பி, பாதித் தொலைவில் உள்ள கொலம்பைன் சுரங்கப் பகுதிவரை, அதாவது சுமார் 3,800 மீட்டர் உயரத்துக்கு ஏறி, வந்த வழியே திரும்ப வேண்டும். 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை 12 மணி நேரத்துக்குள் முடித்தால் இடுப்புவார்க் கொக்கி ஒன்று பரிசு. 9 மணி நேரத்துக்குள் முடித்தால் அதைவிடப் பெரிய கொக்கி. அந்தப் பெரிய கொக்கிக்காகவே வருடம் முழுக்க உழைப்பவர்கள் உண்டு.

மெகாவலாஞ்ச் 3,330 மீட்டர் உயரமுள்ள பிக் பிளான் சிகரத்தில் தொடங்கி, சுமார் 720 மீட்டரில் இருக்கும் அல்மோன் கிராமத்தில் முடிகிறது. வெல்பவருக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் வரிசை வரிசையாகப் பனிமீது நின்று ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். யார் எந்த வரிசை என்பதைத் தகுதிச் சுற்று முடிவு செய்கிறது. முன்வரிசைக்காரர் கிழிக்கும் தடத்தில்தான் பின்வரிசைக்காரர் சறுக்கியாக வேண்டும். பனி இளகிய வருடங்களில் பலர் வண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தே சறுக்குவார்கள். தொடக்க இடத்தின் பனியாறு வேகமாகக் கரைந்து வருவதால் இந்தத் தொடக்கமும் முன்போல் இல்லை.

பயிற்சி இரண்டு இடத்திலும் இரண்டு விதம். லெட்வில்லுக்குத் தயாராகிறவர் மணிக்கணக்கைச் சேர்க்கிறார். வார நாட்களில் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் மூச்சிரைக்க மிதிப்பு, வார இறுதியில் நான்கைந்து மணி நேர நெடும் ஓட்டம். மணிக்கு 60 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்தை வயிறு ஏற்கும்படி பழக்குவதும் பயிற்சிதான். மெகாவலாஞ்சுக்குத் தயாராகிறவர் தருணங்களைச் சேர்க்கிறார். ஒரே வளைவில் பத்து முறை இறங்குவது, பிரேக்கை ஒற்றை விரலால் பிடிப்பது, சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லை விட்டு அதற்கடுத்த திருப்பத்தைப் பார்ப்பது என்று போகும் அவர் நாள். வண்டியும் அதற்கேற்றபடி மாறும். லெட்வில்லில் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் உள்ள லேசான வண்டி. இங்கே 160 மில்லிமீட்டர் அளவில் அமுங்கும் கனத்த வண்டி, முகம் மூடிய ஹெல்மெட், முதுகுக் கவசம்.

காயங்களும் இதே வழியில் பிரிகின்றன. நெடுந்தூரக்காரரின் காயம் சொல்லாமல் வரும். சீட் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ஹேண்டில்பாரில் உள்ளங்கை மணிக்கணக்காக அழுந்துவதால் சுண்டு விரல் பக்க நரம்பு நசுங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் விரல் சொன்னபடி கேட்கவில்லை என்பது தெரியவரும். இறக்கக்காரரின் காயம் ஒரு நொடி வேலை. கையை ஊன்றி விழுந்தாலோ தோளில் மோதினாலோ காறையெலும்பு முறியும். ஜூன் தொடக்கத்தில் முறிந்தால் சேர்வதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம். அந்த ஜூலை போனது போனதுதான்.

எது மோசம்? முறிவு என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் முறிந்தவரை உலகமே உட்கார வைக்கிறது. கழுத்தில் தொட்டில்கட்டு தொங்குகிறது, எக்ஸ்ரேயில் கோடு தெரிகிறது, மருத்துவர் தேதி சொல்கிறார், வீட்டிலும் வண்டியைத் தொட விடமாட்டார்கள். முட்டி வலிக்காரருக்குக் காட்ட எந்தப் படமும் இல்லை. அட்டவணையில் ஐந்து மணி நேரம் என்று எழுதியிருக்கிறது, அவரும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு வார ஓய்வில் தீர வேண்டியது கோடை முழுவதையும் தின்றுவிடுகிறது.

இந்தப் பிரிவினைக்கும் விதிவிலக்கு உண்டு. விழுந்து பட்ட அடியும் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டில் ஸ்கஃபாய்டு என்னும் சிற்றெலும்பு முறிந்தால் சுளுக்கு போலத்தான் வலிக்கும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் சேராது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தாலும் வெளியே அடையாளம் இருக்காது. எழுந்து நின்று நன்றாகத்தான் இருக்கிறேன் என்பவரை அன்றைக்கு மறுபடி வண்டியில் ஏற்றக் கூடாது.

இரண்டு பந்தயங்களும் ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருப்பதுதான் ஒப்பீட்டில் கிடைக்கும் முக்கியமான செய்தி. லெட்வில்லில் பவர்லைன் என்று ஒரு சரிவு இருக்கிறது. மின்கம்பிகளுக்கு அடியில் மழைநீர் அறுத்த பள்ளங்களோடு செங்குத்தாக இறங்கும் பாதை அது. மாதக்கணக்கில் ஏறவே பழகியவர், லேசான வண்டியில், சீட்டையும் தாழ்த்தாமல், கூட்டத்தோடு அதில் இறங்குகிறார். ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைக்கும் கணம் போதும், கீழே கிடப்பார். மெகாவலாஞ்சில் இது தலைகீழ். நடுவே மிதித்து ஏற வேண்டிய துண்டுகள் வருகின்றன, மெல்லிய காற்றில் நெஞ்சு அடைக்கிறது. அதோடு பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்கை கல்லாய் இறுகிவிட்டால் விரல் மூடும், திறக்காது. கீழ்ப்பாதியில் காட்டு வேர்கள் நிறைந்த வளைவுகள் வரும்போது திறமை இருக்கும், அதைச் செலுத்தத் தெம்பு இருக்காது. ‘இதுதான் கடைசிச் சுற்று’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றொரு நம்பிக்கை லிஃப்டில் ஏறி இறங்கும் ஓட்டிகளிடம் உண்டு. மூடநம்பிக்கைதான், ஆனால் களைத்த உடம்பு விழும் என்ற அனுபவம் அதற்குள் இருக்கிறது.

அமெச்சூருக்கு நேரம் குறைவு. குறைந்த நேரத்தைத் தனக்குப் பிடித்ததில், ஏற்கெனவே கைவந்ததில் செலவழிப்பதுதான் மனித இயல்பு. ஏறத் தெரிந்தவர் இன்னும் ஏறுகிறார், இறங்கத் தெரிந்தவர் இன்னும் இறங்குகிறார். சம்பளத்துக்கு ஓட்டுபவரை இதிலிருந்து காப்பாற்றப் பயிற்சியாளர் இருக்கிறார். மற்றவர் தன்னைத் தானே கண்டித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே லெட்வில் போகிறவர் வாரத்தில் ஒரு நாளைக் கரடுமுரடான இறக்கத்துக்குக் கொடுக்கட்டும். அந்த ஒரு நாள் குறைவதால் 12 மணி நேரம் 13 ஆகிவிடாது. மெகாவலாஞ்ச் போகிறவர் வாரத்தில் ஒரு நாள் லிஃப்டை மறந்து மூன்று மணி நேரம் சீராக மிதிக்கட்டும். இரண்டில் எதற்குப் பெயர் கொடுப்பது என்று தயங்குகிறவர் தன் பிழைப்பைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. கையால் வேலை செய்து சம்பாதிப்பவருக்கு ஒரு முறிந்த மணிக்கட்டு மூன்று மாத வருமானம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் பத்து மணி நேரப் பயிற்சியை இன்னொருவர்தான் சுமக்க வேண்டும். பந்தயக் கட்டணத்தைக் கட்டுமுன் இந்தச் செலவுகளையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.