எலும்பிலிருந்து முட்டைக்கு

எலக்ட்ரிக் குக்கரில் முட்டை வேகவைக்கும்போதெல்லாம் எனக்கு டெனிஸ் பாபின் நினைவுதான். பிரான்சில் பிறந்து, மருத்துவம் படித்து, லண்டனுக்குப் போனவர். அங்கே 1679இல், மூடியைத் திருகி இறுக்கும் கனத்த உலோகப் பாத்திரம் ஒன்றை உருவாக்கினார். ஆவியை அடைத்துவைத்தால் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அதில் மாட்டெலும்பும் மெத்தென்று இளகிவிடும். வீணாகும் எலும்பு ஏழைக்கு உணவாகட்டும் என்று நினைத்தார். அந்த நினைப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பாத்திரம் வெடிக்காமலிருக்க, எடை தொங்கும் நெம்புகோல் வால்வையும் அவரே பொருத்தினார். நம் குக்கர் தலையில் ஆடும் வெயிட்டுக்கு அதுதான் மூதாதை. 1682 ஏப்ரலில் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியினர் பாபினின் பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்டதை ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இவ்வளவு செய்தவர் கடைசியில் லண்டனில் வறுமையில் மறைந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அடுப்பு போய் மின்சாரம் வந்தது வெகு பின்னால். கனடாவின் ஒட்டாவாவில் வேலையிழந்த ராபர்ட் வாங், தன் சேமிப்பைப் போட்டு 2010இல் இன்ஸ்டன்ட் பாட் என்ற எலக்ட்ரிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூட்டையும் அழுத்தத்தையும் அதிலுள்ள சென்சார்கள் கவனித்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட குக்கரில் முட்டை வேகவைக்க ஒரு டம்ளர் தண்ணீர், மேலே கம்பித்தட்டு, ஐந்து நிமிட அழுத்தம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு ஐஸ் தண்ணீர். கொதி ஆவி பட்டதும் வெள்ளைக்கரு சட்டென்று இறுகும், உள்சவ்வோடு அவ்வளவாக ஒட்டாது. அன்றைக்கு இட்ட முட்டைகூட ஓடு கழன்று முழுசாக வரும்.