அச்சேறாத சஞ்சிகை: தாய்மார் தங்களுக்காக எழுதிய 55 வருடங்கள்

1935ஆம் ஆண்டு. பிரித்தானியாவில் பிள்ளை வளர்ப்புக்கெண்டே வெளிவந்துகொண்டிருந்த 'நேர்சரி வேர்ள்ட்' சஞ்சிகைக்கு அயர்லாந்தில் இருந்த ஒரு தாய் கடிதம் எழுதுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளை சாப்பிடுதில்லை எண்ட வழமையான கடிதமில்லை அது. பக்கத்தில் வீடுகள் இல்லை. றேடியோ வாங்கக் காசில்லை. வாசிக்க ஆசை, ஆனால் கிட்டடியில் நூலகம் இல்லை. தைக்கிறேன், கிடைத்ததை வாசிக்கிறேன், கதைகளும் நிறைய எழுதுகிறேன், ஆனால் பிள்ளைகள் படுத்த பிறகு வீட்டில் தனிய இருக்கேக்க பழைய கவலையெல்லாம் திரும்பி வருது. யோசனையை நிப்பாட்டக்கூடிய, காசு செலவில்லாத ஏதாவது ஒரு வேலை இருந்தால் சொல்லுங்கோ எண்டு மற்றத் தாய்மாரிடம் கேட்கிறார். சொந்தப் பெயரைப் போடவில்லை. 'யுபிக்வே' எண்டு கையெழுத்து. லத்தீனில் 'எங்கும்' எண்டு அர்த்தம். வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் இது.

அந்தக் கடிதத்தில் ஒரு சின்ன விசயத்தைக் கவனியுங்கோ. அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நேரமில்லை, எழுத வராது எண்டெல்லாம் அவர் சொல்லவில்லை. எழுதினதை வாசிக்க ஆளில்லை, அதுதான் பிரச்சினை.

பதில் கடிதங்கள் வந்தன. எழுதிய தாய்மார் பலருக்கும் அதே தனிமை. ஆளாளுக்குக் கடிதம் போட்டுக்கொள்ளுறதை விட நாங்களே எங்களுக்குள் ஒரு சஞ்சிகை நடத்தினால் என்ன எண்ட யோசனை அதிலிருந்துதான் பிறந்தது. அதே 1935இல் தொடங்கினார்கள். 'கூட்டுறவுக் கடிதக் கழகம்' எண்டு அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக 'சி.சி.சி.'

இவர்கள் ஏன் இவ்வளவு தனிமையில் இருந்தார்கள் எண்டு விளங்க அந்தக் காலத்துப் பிரித்தானியாவின் ஒரு வழக்கத்தைத் தெரிந்திருக்க வேணும். ஒரு பெண் கலியாணம் கட்டினால் வேலையை விட வேணும். ஆசிரியத் தொழில், அரச சேவை, வங்கிகள் எண்டு படித்த பெண்கள் போகக்கூடிய பல இடங்களில் இதுதான் நிலைமை. ஆசிரியர்களுக்கு இந்தத் தடை 1944இல்தான் சட்டப்படி நீங்கியது. பிரித்தானிய அரச சேவையில் 1946இல். அயர்லாந்து அரச சேவையில் 1973 வரைக்கும் இருந்தது. பல்கலைக்கழகம் வரை போன ஒருவர், கலியாணம் முடிந்த அடுத்த கிழமையே குசினிக்குள். கணவனின் வேலை எங்கேயோ அங்கே குடிபெயர்வு, தெரியாத ஊர், அடுத்தடுத்துப் பிள்ளைகள். சி.சி.சி.யில் சேர்ந்தவர்களில் கனபேர் இப்படிப் படித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள்தான்.

சஞ்சிகை நடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கட பள்ளிக்கூடங்களில் கையெழுத்துச் சஞ்சிகை எண்டு ஒண்டு இருந்ததுதானே, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் தபாலில் பயணம் செய்யிற ஒண்டு. ஒவ்வொரு தாயும் தன்ர கட்டுரையை எழுதி ஆசிரியருக்கு அனுப்புவார். ஆசிரியரின் புனைபெயர் 'அட் அஸ்ட்ரா', 'நட்சத்திரங்களை நோக்கி' எண்டு பொருள். அவர் எல்லாவற்றையும் சேர்த்து, கையால் பூவேலை செய்த துணி அட்டைக்குள் கட்டி, முதல் ஆளுக்குத் தபாலில் விடுவார். அவர் வாசித்து, ஓரத்தில் தன்ர கருத்தை எழுதி, அடுத்த ஆளுக்கு அனுப்புவார். இப்படியே சுத்தி வரும். இரண்டு கிழமைக்கு ஒரு இதழ். ஒரு இதழுக்கு ஒரேயொரு பிரதிதான். கடைசி ஆளின் கைக்குப் போகேக்க கட்டுரையோடு சேர்த்து அதைச் சுத்தி நடந்த சண்டை, பகிடி, ஆறுதல் எல்லாம் ஓரங்களில் நிறைந்திருக்கும். இப்ப நாங்கள் ஒரு பதிவுக்குக் கீழே கொமென்ட் போடுறமே, அதைத் தபாலுக்குக் காத்திருந்து, பேனையால் செய்திருக்கினம்.

விதிகள் கனக்க இல்லை. சேர வேண்டுமெண்டால் தாயாக இருக்க வேணும். புனைபெயரில் எழுத வேணும். சுற்றுக்கு அளவு இருக்க வேணுமெண்டதால் ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் இல்லை. புனைபெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒருவர் 'ஏ பிரியோரி', தத்துவப் பாடத்தில் வருகிற சொல். ஒருவர் 'ஐசிஸ்', எகிப்தியத் தெய்வம். இன்னொருவர் 'கொட்டன் கூட்ஸ்', அதாவது பருத்திச் சாமான். வேறொருவர் 'அக்சிடியா', சோம்பல் எண்டு அர்த்தம்! நாள் முழுக்கப் பிள்ளை பார்த்து, உடுப்புத் தோய்த்து, சமைத்து, இரவில் இருந்து எழுதுற ஒருவர் தனக்குச் சோம்பல் எண்டு பெயர் வைக்கிறார் எண்டால் அவரின் நக்கலைப் பாருங்கோவன்.

என்னத்தை எழுதினார்கள்? பிள்ளைப்பேறு, வீட்டு வேலை, கலியாண வாழ்க்கையின் கசப்பு, வாசித்த புத்தகம், அரசியல். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு விழுந்த இரவுகளையும் எழுதினார்கள். போர் முடிந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், எழுத்து நிற்கவில்லை. கடிதத்தில் மட்டும் தெரிந்தவர்கள் நேரிலும் சந்திக்கத் தொடங்கினார்கள். முதுமை, வருத்தம், கணவரின் இழப்பு எல்லாம் அதே துணி அட்டைக்குள் வந்தது. 1990 வரைக்கும். 55 வருடம். காசு புரளுகிற, அச்சடிக்கிற எத்தனை சஞ்சிகைகள் 55 வருடம் தாக்குப்பிடித்தன?

பெண் எழுத்தைப் பற்றிக் கதைக்கேக்க எல்லாரும் வேர்ஜீனியா வூல்ஃபைத்தான் முதலில் இழுப்பார்கள். எழுத நினைக்கிற பெண்ணுக்குக் காசும் தனி அறையும் வேணும் எண்டு அவர் வாதிட்ட நூல் 1929இல் வந்தது. சரியான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருடம் கழித்து யுபிக்வே எழுதின கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பிள்ளைகள் படுத்த பிறகு அவருக்கு ஒரு அறை இல்லை, ஒரு முழு வீடே தனியத்தான் இருந்தது. அந்தத் தனிமைதான் அவரைத் தின்றது. அறைக்கு வெளியே யாராவது எழுத்துக்காகக் காத்திருக்க வேணும். சி.சி.சி. குடுத்தது அதைத்தான். இரண்டு கிழமைக்கு ஒருக்கா 23 பேர் உன்ர கையெழுத்தைத் தேடுவினம் எண்ட நம்பிக்கை. வூல்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை எண்டதையும் சும்மா சொல்லி வைக்கிறேன்.

ஆனால் சி.சி.சி.யைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் ஏலாது. 'நேர்சரி வேர்ள்ட்' வாங்கி வாசிக்கிற வீடுகள் பெரும்பாலும் நடுத்தர வர்க்க வீடுகள். தொழிலாளர் வீட்டுத் தாய்மார் எழுதவில்லையா? எழுதினார்கள். அதுவும் இருபது வருடம் முந்தியே. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு வேறு மாதிரி.

1883இல் தொடங்கின 'பெண்கள் கூட்டுறவுச் சங்கம்' பிரித்தானியத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் பெரிய அமைப்பு. அதன் செயலாளர் மாகிறெட் லுவெலின் டேவிஸ். 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தில் பிள்ளைப்பேற்றுக்கு 30 சிலிங் கொடுப்பனவு வந்தது. 1913இல் அந்தக் காசு கணவனுக்கில்லை, பெற்ற தாய்க்கே உரியது எண்டு திருத்தம் வந்தது. இதற்குப் பின்னால் இந்தச் சங்கத்தின் போராட்டம் இருந்தது. அடுத்ததாகத் தாய்மாருக்கு அரச வைத்தியப் பராமரிப்பு வேணும் எண்டு கேட்க ஆதாரம் தேவைப்பட்டது. அதனால் சங்கத்தில் பொறுப்பு வகித்த பெண்களிடம், கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றிலும் உங்களுக்கு என்ன நடந்தது எண்டு எழுதித் தரச் சொன்னார்கள். 386 கடிதங்கள் வந்தன. அதில் 160 கடிதங்கள் 1915இல் 'மெற்றேனிற்றி', அதாவது 'தாய்மை', எண்ட நூலாக வந்தன.

வாசிக்கக் கஷ்டமான நூல். வலி வரும் வரைக்கும் வேலை. பெற்றுச் சில நாளில் எழும்பித் துணி தோய்க்கிறது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுத் தான் அரை வயிறு. இதையெல்லாம் விட என்னை உலுக்கினது கடிதங்களின் முடிவில் இருக்கிற குறிப்புகள். எழுதினவரின் பெயர் இல்லை. கணவனின் கூலி எத்தனை சிலிங், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இறந்து பிறந்தவை எத்தனை, கருச்சிதைவு எத்தனை. இந்த எண்கள்தான் கையெழுத்து.

அந்தக் கடிதங்கள் வேலை செய்தன. 1918இல் தாய் சேய் நலச் சட்டம் வந்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் மனதை அரிக்குது. 1915இல் அந்தத் தாய்மாரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒண்டே ஒண்டுதான்: உனக்கு எங்கே நொந்தது? பதில் வந்தது, அச்சேறியது, சட்டமானது. 1935இல் சேர்ந்தவர்களிடம் யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. நொந்ததையும் எழுதலாம், நேற்று வாசித்த நாவல் சரியில்லை எண்டும் எழுதலாம். துன்பத்தின் சாட்சியாக மட்டும் எழுதுறதும், முழு மனுசியாக எழுதுறதும் ஒண்டில்லை. இரண்டாவது வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது எண்டு பார்த்தால் அங்கே வர்க்கம் நிற்குது.

இதை வாசிக்கேக்க எங்கட தாய்மாரை நினைக்காமல் இருக்க ஏலவில்லை. எங்கட மண்ணில் தாய்மார் எழுதவில்லை எண்டு யார் சொன்னது? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அவர்கள் எழுதின அளவுக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்களா தெரியாது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொரு முறையும் அதே கதையைப் புதிதாக எழுத வேணும்: பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், என்ன உடுப்பு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய பிறகும் மகஜர் மகஜராக எழுதினார்கள். 1915இன் தாய்மாருக்குச் சட்டமாவது கிடைத்தது. இவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்த படிவம்தான் கிடைத்தது.

அந்தத் தாய்மார் தெருவோரக் கொட்டிலில் வருடக்கணக்காக ஒண்டாக இருக்கினம். அது ஒரு சமூகம்தான். ஆனால் அங்கே போகிற நாங்கள், பத்திரிகைக்காரர், ஆய்வாளர், மாணவர் எல்லாரும், கேட்கிறது அந்த ஒரே கேள்வியைத்தான். பகிடி எழுதுவீங்களா அம்மா, பாட்டுக் கட்டுவீங்களா எண்டு கேட்டவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது வகை வாய்ப்பு எங்களிடம் அறவே இல்லாமலும் இல்லை. 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்த 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை எடுங்கோ. 10 பெண்களின் கவிதைகள், சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரை. வெளியிட்டது பெண்கள் ஆய்வு வட்டம். கூடி வாசிக்க, கதைக்க ஒரு வட்டம் முதலில், புத்தகம் பிறகு. தாய்மாருக்கெண்டு அமைந்த வட்டமில்லை அது, ஆனால் வழி அதேதான்.

வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இன்னொரு கவலை. மகஜர்கள் எங்கேயோ ஒரு கோப்பில் இருக்கும். மற்ற எழுத்துகள்? என்ர அம்மா வீட்டுக் கணக்கு எழுதுற சீ.ஆர். கொப்பியின் பின்பக்கங்களில் கணக்கில்லாத வேறு விசயங்களும் இருக்கு, கேட்டால் மூடி வைத்துவிடுவா. அப்படியான கொப்பிகள் வீடு மாறேக்க, இடம்பெயரேக்க முதலில் போகிறவை. காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இதை யார் தூக்கினது?

சி.சி.சி.யின் தாள்களில் மிஞ்சினவை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் 'மாஸ் ஒப்சர்வேசன்' ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே முதுகலை படிக்க வந்த ஜென்னா பெய்லி எண்ட கனடிய மாணவி அவற்றைக் கண்டெடுத்து, உயிரோடு இருந்த உறுப்பினர்களையும் தேடிக் கதைத்து, 2007இல் நூலாக்கினார். யுபிக்வே கேட்ட கேள்வியையே நூலுக்குத் தலைப்பாக வைத்தார்: எந்தத் தாயாவது எனக்கு உதவ முடியுமா? அந்த நூலில் எல்லா இதழ்களும் இல்லை, இருக்கவும் ஏலாது. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு பிரதிதானே. தொலைந்தவை தொலைந்ததுதான்.