நகர எல்லையும் தேயிலை எல்லையும்

நுவரெலியா நகரின் நடுவே 27 ஏக்கர் பரப்பில் அமைந்திருக்கும் விக்டோரியா பூங்காவை ஒருமுறை கண்டோர் எளிதில் மறப்பதில்லை. சித்திரை மாதத்திலே கொழும்பின் வெயிலுக்கு அஞ்சி மலையேறி வருவோர் அதன் மலர்ப் பாத்திகளினிடையே உலாவுவர். கிரெகரி வாவியிலே படகில் செல்வர். குதிரைப் பந்தயத் திடலிலே ஒரு பிற்பகலைக் கழிப்பர். ஒரு நகரத்து மக்கள் இளைப்பாறவும் விளையாடவும் படிக்கவும் வேண்டிய இடங்களை முன்கூட்டியே திட்டமிட்டு அமைத்தல் ஒரு பொதுச் சபையின் கடமை என்னும் எண்ணம் இலங்கையிலே எவ்வாறு வேரூன்றியது என்று அறிய விரும்புவோர் இந்நகரிலிருந்து தொடங்குதல் தகும். ஆயினும் நகரத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிட்டால் வரலாற்றில் பாதியே தெரியவரும். நகரின் எல்லைக்கல்லுக்கு அப்பால் நாற்புறமும் தேயிலை. அத்தேயிலையினிடையே வாழ்ந்தோர் தொகையில் நகரத்தாரைக் காட்டிலும் மிகப் பலர். அவர்களுக்கென ஒரு பூங்காவையோ, ஒரு வாசிகசாலையையோ திட்டமிடவேண்டிய சபை எது என்று கேட்டால், நூறாண்டுக்கு மேலாக அதற்கு விடையே இருக்கவில்லை.

நகரத்தின் கதை தேசாதிபதிகளோடு தொடங்குகிறது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் இம்மலை வெளியிலே தமக்கொரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததே. 1848இல் சாமுவேல் பேக்கர் என்பார் குடியேறி, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தையே இங்கு பெயர்த்து வைக்க முயன்றார். 1861இல் ஹக்கலையிலே சிங்கோனாப் பயிரின் பொருட்டுத் தாவரத் தோட்டம் உண்டாயிற்று. சேர் வில்லியம் கிரெகரி தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1873இல், பீதுருதாலகால மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு அணையிடப்பட்டுச் சேற்று நிலம் வாவியாயிற்று. 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் மைதானம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1897இல், விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக, ஹக்கலைத் தோட்டத்தாரின் ஆராய்ச்சி நிலமாயிருந்த பகுதி பூங்காவெனப் பெயர் பெற்றது. உல்லாசத்திற்காகத் தோண்டிய வாவியின் நீரை 1913இல் சுரங்கவழியே செலுத்தி, நானுஓயா செல்லும் வழியில் மின்சாரமும் எடுக்கலாயினர் என்பது சுவையான செய்தி.

இவை யாவும் யாருக்காக எழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தாரும் ஓய்வு கொள்வதற்காகவே எழுந்தன. ஆயினும் பூங்காவுக்கும் வாவிக்கரைக்கும் ஒரு சிறப்புண்டு. கிளப்பின் கதவைப் போல அவை நிரந்தரமாகச் சாத்தப்படக்கூடியவை அல்ல. ஆட்சி மாறியபோது, பூங்கா மாநகர சபையின் பூங்காவாகி, ஊராருக்கும் உரியதாயிற்று. ஒரு பொதுச் சபையின் கையிலுள்ள நிலம் என்றைக்காவது பொதுமக்களிடம் வந்து சேரும். தனியார் கையிலுள்ள நிலத்துக்கு அந்த விதி இல்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றித் தோட்டப்புறத்தின் கதை விளங்காது.

நகர சபைகளின் வேலைமுறை எளியது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் உண்டாயின. பிற்காலத்தில், 1939ஆம் ஆண்டு நகர சபைகளுக்கும், 1946ஆம் ஆண்டு பட்டின சபைகளுக்கும், 1947ஆம் ஆண்டு மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் எழுதப்பட்டன. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, காணி ஆகியவற்றின் பெறுமதியை மதித்துச் சபை வரி விதிக்கும்; அவ்வரிப் பணத்தைக் கொண்டு தெருவிளக்கு, குடிநீர், சந்தை, பூங்கா, நூல் நிலையம் ஆகியவற்றை எல்லைக்குள் நடத்தும். வரி கொடுப்போன் வாக்குக் கொடுப்போனாகவும் இருப்பான். ஆதலின் கேட்கும் உரிமையும் அவனுக்குண்டு.

இப்போது ஒரு லயத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரே கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். அவற்றுள் வாழ்வோர் இரண்டு, மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே இறந்தவர். ஆனால் காம்பரா தோட்டத்துக்குரியது. அதன் முன்னுள்ள வாசலும், வாசலுக்குச் செல்லும் பாதையும் தோட்டத்துக்குரியவை. வீட்டு வரி அவர்கள் பெயரிலே இல்லை. வரியில்லாத காரணத்தால் வரவு செலவுக் கணக்கிலே அவர்களுக்கொரு வரியும் இல்லை. தபாற்காரன் கொணரும் கடிதமும் தோட்ட அலுவலகத்திற்கே சென்று, அங்கிருந்தே லயத்துக்கு வரவேண்டும்.

கிராமத்து மக்களுக்கு 1871ஆம் ஆண்டிலேயே கிராமச் சங்கச் சட்டம் கிடைத்தது. தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. 1937இல் அச்சட்டத்தின் திருத்தம் அரசாங்க சபையிலே விவாதிக்கப்பட்டபோது, கிராமச் சங்கத் தேர்தலிலே தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று வைத்தனர். இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்தது. அதன்பின் வாசகம் மாற்றப்பட்டு, எவ்வினத்தவராயினும் தோட்டக் குடியிருப்பிலுள்ள தொழிலாளர் விலக்கப்பட்டனர். இனத்தின் பெயர் சட்டத்திலிருந்து நீங்கிற்று. விலக்கப்பட்டோர் அநேகமாக அதே மக்களாகவே இருந்தனர். இந்தக் கசப்பும், அக்காலத்து வேறு பல கசப்புகளும் சேர்ந்தே 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜவஹர்லால் நேரு வருகை தந்த வேளையில், இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றக் காரணமாயின.

சபை எதுவும் திட்டமிடாத காரணத்தால் தோட்டத்து மக்களுக்குப் பொழுதுபோக்கே இல்லை என்று எண்ணிவிடலாகாது. வைகறையில் தப்பொலி கேட்டு வேலைப்பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களமே மாலையில் பிள்ளைகளின் விளையாட்டிடம். மாசி மாதத்திலே காமன் கம்பம் நட்டு, இரதியும் மன்மதனும் ஊர்வலம் வந்து, ஈசனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து மீளும் கதையை இரவிரவாக ஆடும் காமன் கூத்துக்கெனத் தோட்டந்தோறும் ஓரிடம் உண்டு. காமன் பொட்டல் என்பது அதன் பெயர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டன. காணி உறுதியிலே அப்பொட்டல் கம்பெனியின் நிலம். மக்களின் மனத்திலே அது ஊர்ப் பொதுநிலம். எந்தப் பொறியியலாளரும் படம் வரையாமல், எந்தச் சபையும் தீர்மானம் நிறைவேற்றாமல், வழக்கம் ஒன்றினாலேயே காக்கப்பட்ட விளையாட்டரங்கு அது. தேயிலைக் கன்று நடுவதற்கு அந்நிலம் வேண்டுமென்று தோட்டம் கேட்டால் மறுத்துச் சொல்ல எழுத்து ஒன்றும் அவர்களிடம் இருக்கவில்லை என்பதுதான் குறை.

படிப்பும் அவ்வாறே நடந்தது. சென்னைப் பட்டினத்து அச்சுக்கூடங்களிலிருந்து வந்த பெரிய எழுத்துப் புத்தகங்கள் லயங்களிலே கைமாறின. மதுரை வீரனும் அல்லியரசாணியும் நல்லதங்காளும் அவற்றின் வழியே மலையேறி வந்தனர். எழுத்தறிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கருகே இருந்து இராகத்தோடு படிப்பார், இருபதின்மர் கேட்பர். ஒரு புத்தகம் இருபது பேரின் நூல் நிலையமாயிருந்தது. கேட்டறிந்த கதையைக் கொழுந்து மலையிலே மறுநாள் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வர். எழுத்தறியாதார் கல்வியறியாதார் அல்லர் என்பதற்குத் தோட்டத்து மூதாட்டியர் பலர் சான்றாவர்.

ஆனால் புதிய செய்தி, புதிய எண்ணம் ஆகியவற்றுக்கு இது போதவில்லை. அவற்றைத் தேடுவோர் நகரத்துக்கே இறங்கவேண்டியிருந்தது. 1884இல் புகையிரதம் வந்து சேர்ந்த பின் ஹற்றன் நகரம் மேற்கு மலைத் தோட்டங்களின் கடைவீதியாக வளர்ந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுள் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர். அன்னியர் தோட்டத்துள் நுழைவது அத்துமீறல் எனத் தண்டிக்கப்பட்ட காலம் அது. 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடினார். பாடல்கள் சிறு புத்தகங்களாக அச்சாகிச் சில சதங்களுக்கு விலைபோயின. இக்கூட்டங்கள் ஏன் நகரத்துக்கு வந்தன? தோட்டத்துள் பத்துப் பேர் கூடி நின்றாலும் அது துரையின் நிலம். நகரத்துத் திறந்த வெளியிலேதான் ஒருவர் பேசவும் மற்றொருவர் கேட்கவும் உரிமை இருந்தது. பொது மைதானம் என்பது பந்தடிப்பதற்கு மட்டும் உரிய இடமன்று என்பதை ஹற்றன் அன்றே காட்டிற்று. 1930இல் ‘வீரகேசரி’ தோன்றிய பின், தேநீர்க் கடையிலும் சிகை அலங்கரிக்கும் கடையிலும் அது உரக்கப் படிக்கப்பட்டது. சம்பள நாளில் நகரத்துக்கு வந்தோர் கேட்டுச் சென்றனர்.

இவ்விடத்தே யாழ்ப்பாணத்தை நினைவு கூர்தல் பொருந்தும். 1933இல் கே. எம். செல்லப்பா என்பார் தம் வீட்டிலேயே ஓர் இலவச நூல் நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது வாடகை அறை ஒன்றுக்கு மாறியபோது அங்கிருந்த நூல்கள் 844. 1935இல் அதை யாழ்ப்பாண நகர சபை பொறுப்பேற்றது. இந்தியாவின் நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் ஆலோசனையோடு 1959இல் பெரிய கட்டடம் எழுந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. எரிந்த பின்னும் மீண்டும் எழுப்பப்பட்டமைக்கும் அது ஒரு சபையின் நூல் நிலையமாயிருந்ததே ஒரு காரணம். செல்லப்பாவின் ஆர்வத்தையொத்த ஆர்வம் மலைநாட்டிலே இல்லாமற் போகவில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியரும் இளைஞரும் கோவில் மண்டபத்திலும் ஒழிந்த காம்பராவிலும் வாசிகசாலைகள் அமைத்தனர். ஆசிரியர் இடம் மாறினால், அல்லது காம்பராவுக்குப் புதிய குடும்பம் வந்தால், நூல்கள் ஒரு பெட்டிக்குள் போயின. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே சனசமூக நிலையங்களுக்குக் கிராமச் சங்கம் துணை நின்றது. தோட்டத்து வாசிகசாலையை ஏற்றுக்கொள்ள ஒரு சபை இருக்கவில்லை. கடலுக்கு அப்பால் சென்னை மாகாணத்திலோ, 1948ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்கி, பொது நூல் நிலையங்களை நடத்த வழிசெய்தது.

அதே 1948ஆம் ஆண்டில் இலங்கையில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், ஒரு பட்டின சபை உறுப்பினரின் கதவைத் தட்டவும் தகுதியற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல இலட்சம் பேர் இந்தியாவுக்குரியோர் எனக் கணக்கிடப்பட்டனர். இன்றோ நாளையோ கப்பலேறுவார் எனக் கருதப்பட்ட மக்களுக்கு நூல் நிலையம் கட்ட எவர் முன்வருவர்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது. இது பெரும் நன்மை. பின்னர், 1992இல், தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

வாக்கு வந்தது, ஆயினும் சபைப் பணம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் நாட்டுப்புறமெங்கும் சபைகளை உண்டாக்கிற்று. தோட்டத்து மக்கள் வாக்களித்தனர். அவர்களுள் பலர் உறுப்பினராயும் தலைவராயும் அமர்ந்தனர். எனினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவை முன்வைத்து, தோட்டக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தில் பாதை போடவும் கிணறு வெட்டவும் இயலாதென்றே கொள்ளப்பட்டது. தம்மைத் தெரிந்தெடுத்தோரின் வாசலுக்கு ஒரு வண்டிச் சல்லி கொட்ட இயலாத தலைவர்கள் முப்பதாண்டுகள் அந்நாற்காலிகளில் இருந்தனர். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டு நடந்த தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகளின் இடத்தில் அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியனவும் சேர்ந்து ஆறு சபைகளாயின. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஒரே பிரதேச சபையின் கீழ் வைத்திருந்த அம்பகமுவையின் முறைகேடு அவ்வாறு நீங்கியது.

இனித் திட்டமிடுதற்குச் சபையும் உண்டு, சட்டமும் உண்டு. நிலந்தான் இன்னும் கம்பெனியின் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் கட்டப்படும் தனி வீடுகளின் அருகே ஒரு வாசிகசாலைக்கு இடம் ஒதுக்கவும் அதன் இணக்கம் வேண்டும். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பொது நூல் நிலையங்கள் உண்டு. பாடசாலை விட்டபின் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே வந்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை மேசையருகே இருந்து படிக்கின்றனர். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினராதல் வேண்டும். நமது நாட்டுப் பொது நூல் நிலையங்கள் பலவற்றில் அதற்கான படிவம் ஒன்றே: பெயர், வீட்டு இலக்கம், வீதி, அதன் கீழே, சபை எல்லைக்குள் வரி செலுத்தும் ஒருவரின் பிணைக் கையொப்பம்.