சாய்ந்து வந்த எழுத்து

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், கொட்டாரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை 'மாபெரும் தள்ளுபடி' என்று கூவினால், அந்த எழுத்து தடித்து வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வுக்கு வயது ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

1501-ல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ், வர்ஜிலின் கவிதைகளைக் கைக்கு அடக்கமான புத்தகமாக அச்சிட்டார். அதற்குப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த சாய்வெழுத்து மெலிந்தது, படித்தவர்களின் கையெழுத்தை ஒட்டியது. யாரையும் கூவி அழைக்க வந்ததல்ல. கூவலுக்கு விளம்பர யுகம் வரவேண்டியிருந்தது. 1816 வாக்கில் லண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லான், எழுத்தின் நுனிகளில் இருந்த குறுங்கோடுகளை நீக்கி மொட்டையாக வார்த்தார். சுவரொட்டிக்காரர்கள் அதைத் தடிப்பாக்கிக்கொண்டார்கள். 1957-ல் அட்ரியன் ஃப்ருட்டிகர், தம் யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தடிப்புக்கும் சாய்வுக்கும் எண்ணே கொடுத்தார்: 55 சாதாரணம், 66 தடித்த சாய்வு.

தமிழ் அச்சில் இந்த வம்சம் வேர்விடவில்லை. 1820 வாக்கில் மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலில் அச்சகம் வைத்த காலம் தொட்டு, நம் ஈய எழுத்துகள் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றன. சாய்வைப் பழக்கியவர்கள் போர்டு எழுதுகிற பெயின்டர்கள். நூலில் சுண்ணாம்புப்பொடி தடவிக் கோடு அடித்து, சாய்வுக்குத் தக்கபடி ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைந்தார்கள். 'ண'வின் சுழி அடைபடாமல் கொஞ்சம் அகட்டுவார்கள். புள்ளியைக் கண்ணளவில் வைப்பார்கள்.

கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாய்வெழுத்து தனியாக இல்லாவிட்டால், இருப்பதையே பிடித்துத் தள்ளிவிடும். இணைய உலாவிகளின் வழக்கமான கணக்கு 14 பாகை. அதாவது, அடிக்கோட்டிலிருந்து நான்கு அடி உயரத்தில் உள்ள புள்ளி ஓரடி வலப்பக்கம் நகரும். ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தமிழிலோ 'க்'கின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடவே தடிப்பையும் கணினியே ஏற்றினால் 'ஞ', 'ண', 'இ' மூன்றும் மூச்சுத் திணறும்.

தொடக்கத்திலிருந்தே சாய்வாக வரையப்பட்ட தமிழ் எழுத்துருவும் உண்டு. இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' அப்படிப்பட்டது. ஆனால் அது கையெழுத்துச் சாயல் கொண்ட மென்மையான எழுத்து. அழைப்பிதழுக்குப் பொருந்தும், தள்ளுபடிக்குத் தொண்டை போதாது.

என்னைக் கேட்டால், தடித்த சாய்வு இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் தாங்கும். விளையாட்டுப் போட்டி, வேட்பாளர் பெயர், கடைத் திறப்பு, இவ்வளவே அதன் எல்லை. மருந்துக்கடை முகவரியையும் பேருந்தின் ஊர்ப்பெயரையும் அதில் எழுதுவது வாசிப்பவரைச் சோதிப்பது. கொட்டாரத்துக்குப் பக்கத்து மயிலாடியில் கல்லில் பெயர் வெட்டுகிறவர்கள் நிமிர்ந்த எழுத்தையே நம்புவதில் நியாயம் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிப்பவர்களிலும் கவனமானவர்கள் உண்டு. கோரல்டிரா மென்பொருளில் எழுத்தைப் பிரித்து, ஓடிப்போன புள்ளிகளை ஒவ்வொன்றாக இடப்பக்கம் இழுத்து வைத்த பிறகே அச்சுக்கு அனுப்புவார்கள்.